ஒன்பது வருஷம் சாமுவேலாக இருந்தேன்

போன மாதம் மெட்டெ தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் கதிரையில் இருப்பவள் அவள். கோப்பன்ஹேகனில் ஒரு திருச்சபைச் சங்கத்தின் ஆவணக் காப்பகம் அது. நிலத்துக்குக் கீழே இரண்டு அறைகள், சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பெட்டிகள். அங்கேதான் நான் இருபத்திரண்டு ஆண்டுகள் பழைய புகைப்படங்களுக்கு விளக்கம் எழுதிச் சம்பளம் வாங்கினேன். இப்போது படத்தைக் கணினிக்குக் காட்டினால் அதுவே விளக்கம் எழுதிவிடுகிறதாம். நான் ஒரு மாதத்தில் எழுதியதை அது ஒரு கோப்பி குடிக்கிற நேரத்தில் எழுதுகிறதாம்.

"அது பிழையும் விடுது, செல்வா," என்றாள் மெட்டெ. "ஒரு பிஷப்பை மணப்பெண் எண்டு எழுதியிருக்கு."

"வெள்ளை உடுப்பு, கையில பூ. நானும் அப்பிடித்தான் எழுதியிருப்பன்."

"நீ பகிடி விடுறாய். சரி, நீ விட்டதிலேயே பெரிய பிழை எது?"

"ஒரு கல்லூரியை உண்டாக்கின மனுசியைச் சமையல்காரி எண்டு எழுதினன். அந்தக் கல்லூரியே அதைப் பார்த்துத் தங்கட சரித்திரத்தை மாத்தி எழுதிச்சு."

"இதை எழுதித் தா," என்றாள் மெட்டெ. அதனால் எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்று. மெட்டெ பேசுவது டேனிஷ். இனி வரப்போகிற ஒருவர் பேசியது ஆங்கிலம். எல்லாரையும் மட்டக்களப்புத் தமிழ் பேசவைத்துத்தான் எழுதப்போகிறேன். ஆட்கள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் நிற்கும். எந்த மொழியில் சொன்னார்கள் என்பது நிற்காது. நல்ல பேச்சு காதில் விழுந்தால் பின்னேரம் வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதி வைப்பேன். அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து வரும் ரயிலில் ஒரு கிழவனார், "இந்த நாட்டில மழைக்கு மட்டும்தான் நேரசூசி இல்லை," என்றார். அதுகூட இருக்கிறது. படித்த படிப்பு பாதியில் நின்றவளுக்கு அந்தக் கொப்பிதான் சர்வகலாசாலை.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அகதியாக வந்தேன், டேனிஷ் வகுப்புக்குப் போனேன், அந்தச் சங்கத்தின் கட்டடத்தை ஆறு ஆண்டுகள் கூட்டித் துடைத்தேன். ஆறாம் ஆண்டில் ஒருநாள் காப்பக அறையில் தூசி தட்டும்போது மேசையில் இரண்டு படங்கள் கிடந்தன. பின்னல் பின்னுகிற பெண்களுக்கு அடியில் "பித்தளை வாத்தியக் குழு" என்று இருந்தது. எக்காளம் பிடித்த ஆண்களுக்கு அடியில் "தையல் வட்டம்" என்று இருந்தது. மஞ்சள் ஒட்டுத்தாளில் என் அரைகுறை டேனிஷில், "இந்த ஆண்கள் இதால் தைக்க முடியாது," என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனேன். அடுத்த நாள் அதே இடத்தில் இன்னொரு ஒட்டுத்தாள்: "திங்கள் ஒன்பது மணிக்கு வா. வாளி வேண்டாம்."

எழுதியவர் இங்கர். காப்பகத்தின் பொறுப்பாளர். உயரமான மனுசி, எந்தக் காலத்திலும் அதே நீலக் கம்பளிச் சட்டை. டென்மார்க்கில் மேலதிகாரியையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வாயால் "இங்கர்" என்றாலும் மனதுக்குள் கடைசி வரை "மிஸ்" என்றே கூப்பிட்டேன். நான் மட்டக்களப்பில் மிஷன் பள்ளியில் படித்தவள். படிப்பிக்கிறவர்களை வேறு விதமாகக் கூப்பிட என் நாக்குக்கு வராது.

இங்கர் சிக்கனமாகப் பேசுவார். ஒரு வாக்கியம் சொல்வார், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். கண்ணாடி துடைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். திங்கட்கிழமை காலையில் ஏழு பென்சில் சீவி வைப்பார். எல்லாம் மென்மையான 2B. பேனாவோடு அறைக்குள் வந்தால் கதவடியிலேயே வாங்கி லாச்சிக்குள் போட்டுவிடுவார். ஒரு முறை ஒரு பிஷப்பின் தங்கப் பேனாவே அந்த லாச்சிக்குள் போனது. பிஷப் திரும்பிப் போகும்போது கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

படத்தைக் கையுறை போட்டு இரண்டு கையாலும் விளிம்பில் பிடிக்க வேண்டும். சுத்தமான தாளில் முகம் குப்புற வைக்க வேண்டும். பின்புறம் ஓரத்தில் எண்ணை மட்டும் பென்சிலால், அழுத்தாமல் எழுத வேண்டும். விளக்கம் தனி அட்டையில், மூன்றே மூன்று வரி. முதல் வரி, கண்ணால் காண்பது. இரண்டாம் வரி, படத்தின் பின்னால் யாராவது ஏற்கெனவே எழுதி வைத்தது. மூன்றாம் வரி, படத்தைப் பற்றி யாராவது சொல்வது. சொல்கிறவர் யார், அவருக்கு எப்படித் தெரியும் என்பதும் சேர்த்து. கடைசியில் எழுதியவரின் இரண்டு எழுத்து.

"முதல் வரியில நீ கண்டதை எழுது," என்றார் இங்கர். "உனக்குத் தெரிஞ்சதை எழுதாத."

கேட்க எவ்வளவு சுலபம். செய்து பார்த்தால்தான் தெரியும், மனுசக் கண் எவ்வளவு பெரிய வாயாடி என்று.

நான் சேர்ந்த இரண்டாம் மாதம் இங்கர் கோடை விடுமுறைக்குப் போனார். போகுமுன், "நீ தனிய எழுதுற அட்டையளை என்ர மேசையில வை. வந்து பாக்கிறன்," என்றார். எனக்குத் தலை கொஞ்சம் பெருத்திருந்த நேரம். சில அட்டைகளை மேசையில் வைத்தேன். ஒன்றைப் படத்தோடு உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன். அவ்வளவு தெளிவான படம், இதை ஏன் அவருக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

அந்தப் பெட்டி அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து வந்தது. அங்கே அடிமைத்தனம் ஒழிந்த பிறகு, கறுப்பு மக்களின் பிள்ளைகளுக்கு மற்றக் கல்லூரிகளின் கதவு திறக்காத காலத்தில், திருச்சபையின் ஆதரவோடு வளர்ந்த ஒரு பள்ளி. ஒற்றை அறையில் தொடங்கியது. மாணவர்களே ஓடைக் களிமண்ணை அள்ளி, செங்கல் சுட்டு, தங்கள் வகுப்பறைகளைக் கட்டினார்கள். பிறகு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகி, அதற்குப் பிறகு கல்லூரியானது. அதன் ஆரம்ப காலத்தில் ஒரு டேனிஷ் ஆசிரியை அங்கே போய்ப் பதினொரு ஆண்டுகள் படிப்பித்தார். அவர் தன் சகோதரிக்கு அனுப்பிய கடிதங்களும் படங்களும் எங்கள் சங்கத்துக்கு வந்து சேர்ந்திருந்தன.

நான் பெட்டிக்குள் மூடி வைத்த படத்தில் இரண்டு பெண்கள், ஒரு மரவீட்டின் முன்னால். ஒருவர் அந்த டேனிஷ் ஆசிரியை. மற்றவர் ஏப்ரன் கட்டிய ஒரு கறுப்புப் பெண். முதல் வரியில் நான் எழுதினேன்: "ஆசிரியையும் சமையல்காரியும்." இரண்டாம் வரியில், படத்தின் பின்னால் இருந்த "நானும் எச்.-உம்." அடியில் என் எழுத்து: எஸ். ஆர். செல்வராணி ராஜன்.

சில ஆண்டுகள் கழித்து அந்தக் கல்லூரி தன் சரித்திரத்தைப் புத்தகமாகப் போட்டது. அவர்களுடைய பழைய பதிவுகள் எல்லாம் ஒரு தீயில் போய்விட்டன. தீப்பிடித்த நாளில் மாணவர்கள் உள்ளே பாய்ந்து ஹார்மோனியத்தைக் காப்பாற்றினார்களாம். காகிதங்களைக் காப்பாற்ற ஒருவரும் நினைக்கவில்லை. அதனால் எங்களிடம் இருக்கும் படங்களின் பட்டியலைக் கேட்டு எழுதினார்கள். பட்டியலை அச்செடுத்து உறையில் போட்டு, முத்திரை ஒட்டி அனுப்பியதும் நான்தான்.

இதெல்லாம் என்ன செய்தது என்று தெரியாமலே, அந்த அட்டையை எழுதிய நாளிலிருந்து பதினான்கு ஆண்டுகள் நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை லொரெட்டா வந்தார்.

எழுபது வயதைத் தாண்டிய கறுப்பு அம்மா. அதே கல்லூரியில் படித்து, அங்கேயே கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தலையில் ஊதாத் தொப்பி. இங்கரைப் பார்த்ததும் "மிஸ் இங்கர்" என்றார். இங்கருக்குக் காது சிவந்துவிட்டது. என்னைப் பார்த்து "மிஸ் செல்வா" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துவிட்டது. டென்மார்க்குக்கு வந்த நாளிலிருந்து ஒருவரும் என்னை மிஸ் என்றதில்லை.

வந்த காரியத்தை அவர் கோப்பி ஆறுமுன் சொல்லி முடித்தார். அவருடைய கொள்ளுப்பாட்டி பெயர் ஹெஸ்டர். அடிமையாய் இருந்த காலத்திலேயே ஒளித்து எழுத்துப் படித்தவர். விடுதலைக்குப் பிறகு தன் வீட்டு முன்னறையில் பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பிக்கத் தொடங்கினார். அந்த அறைதான் கல்லூரியின் தொடக்கம் என்று அவர்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். புத்தகத்திலோ, திருச்சபை அனுப்பிய வெள்ளைக் குருவானவர்தான் தாபகர். ஹெஸ்டர் ஒரே ஒரு அடிக்குறிப்பில் வருகிறார்: சமையல்காரி.

"இப்ப புது நூலகக் கட்டடம் எழும்புது," என்றார் லொரெட்டா. "தாபகர்ர பேர் வைக்கப் போறாங்க. குருவானவர்ர பேரில ஏற்கெனவே ஒரு மைதானம், ஒரு வீதி, ஒரு ஓக் மரம் இருக்கு. மரத்துக்குக்கூடப் பலகை அடிச்சிருக்கு. கமிட்டியிட்டப் போனன். குடும்பக் கதை காணாது, தாள் கொண்டு வா எண்டாங்க. அடுத்த திங்கள் கூட்டம். எனக்கு நாலு நாள் இருக்கு."

"சமையல்காரி எண்டதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார் இங்கர்.

லொரெட்டா கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். அடிக்குறிப்பில் எங்கள் காப்பகம், படத்தின் எண், எச். என்றால் ஹெஸ்டராக இருக்கலாம் என்ற ஊகம், கடைசியில் எஸ். ஆர்.

"இவன்தான்," என்று அந்த இரண்டு எழுத்தின் மேல் விரலை வைத்தார். "ஒன்பது வருஷமா இவனோட சண்டை பிடிக்கிறன். பேர் தெரியாது. நானா சாமுவேல் எண்டு வைச்சிருக்கிறன். பழைய மிஷனரி, நீளத் தாடி. சாப்பிட்டாத் தாடியில கஞ்சி ஒட்டும். எப்பவோ செத்திருப்பான், ஆனா நான் விடயில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனையில அவன்ர பேரை ஆண்டவரிட்டச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன்."

நான் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். வேறு என்ன செய்ய.

இங்கர் என்னைப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். வழக்கத்தைவிட நெடுநேரம் துடைத்தார்.

அன்று முழுக்கவும் அடுத்த நாளும் நான் பெட்டி தூக்கினேன், கோப்பி ஊற்றினேன், வாய் திறக்கவில்லை. இங்கர் கடிதங்களை முதலாம் ஆண்டிலிருந்து ஒழுங்காக வாசித்து, லொரெட்டாவுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனார். பழைய டேனிஷ் கையெழுத்து, மீன்முள் மாதிரி. ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் நகரும். கடிதங்களோ நூற்றுக்கணக்கில். இடைக்கிடை "எச்." என்று ஓர் எழுத்து வரும். எச். சுகம் இல்லாமல் இருக்கிறாள், எச். இன்று கோபமாக இருக்கிறாள். அவ்வளவுதான். முதலாம் ஆண்டுக் கடிதங்களைக் கட்டி வைத்திருந்த நூல்களில் பாதிகூட அவிழவில்லை.

புதன்கிழமை பின்னேரம் லொரெட்டா படத்தைக் கேட்டார். நான் கையுறை போட்டு எடுத்து வந்து தாளில் வைத்தேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். பதினான்கு ஆண்டுகளில் அந்தப் படத்தை நான் இரண்டாம் தரம் பார்ப்பது அன்றுதான். ஹெஸ்டரின் இடது கக்கத்தில் ஒரு புத்தகம். நீளமாய், ஒடுக்கமாய், மட்டை தடிப்பாய். அதன் முதுகிலிருந்து ஒரு நூல் தொங்கியது. நூலின் நுனியில் ஒரு துண்டுப் பென்சில்.

வாய் என்னை முந்திவிட்டது. "இது இடாப்பு."

இருவரும் நிமிர்ந்தார்கள். பிள்ளைகளின் வரவு எழுதுகிற புத்தகத்தை எங்கள் ஊரில் இடாப்பு என்போம் என்று விளங்கப்படுத்தினேன். மிஷன் பள்ளியில் எங்கள் வகுப்பு இடாப்பு இதே நீளம், இதே ஒடுக்கம். பென்சில் தொலையாமல் நூலில் கட்டியிருக்கும். வகுப்பறையிலிருந்து அதிபரின் அறைக்கு அதை ஏந்திக்கொண்டு போக என்னைத்தான் அனுப்புவார்கள். கையில் ஏந்தித்தான் போக வேண்டும். கக்கத்தில் வைத்தால் அடி விழும். கக்கத்தில் வைக்க உரிமை ஒரே ஆளுக்குத்தான், பள்ளியை நடத்துகிறவருக்கு.

"நீ ஒரு புத்தகத்தைக் காண்கிறாய்," என்றார் இங்கர்.

"சமையல்காரி ஏன் பென்சில் கட்டின புத்தகத்தோட நிக்க வேணும்? உப்புப் போட்டதுக்கு வரவு எழுதவோ?"

"புத்தகம்," என்றார் இங்கர் மறுபடியும். "இடாப்பு எண்டு எழுத ஏலாது." கண்ணாடியை எடுத்தார். துடைக்காமல் திரும்பப் போட்டுக்கொண்டார். "ஆனா தேடலாம்."

அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. கடிதங்களை முழுதாக வாசிக்க நேரமில்லை. ஆனால் ஒரு சொல்லை மட்டும் தேடுவதென்றால், அந்தக் கையெழுத்துப் பழகிய இரண்டு பேர் ஒரு நாளில் நிறையப் பக்கம் புரட்டலாம். நான் அந்தக் கையெழுத்தை யாரிடமும் படிக்கவில்லை. பதினான்கு ஆண்டுகள் உறை மாற்றி உறை மாற்றிக் கண்ணால் பொறுக்கியதுதான்.

புறப்படும்போது இங்கர் என்னை மட்டும் நிறுத்தினார். "அட்டையில முதல் வரி நாளைக்கும் பிழையாத்தான் இருக்கும்," என்றார். அவ்வளவுதான். கண்ணாடி துடைத்தார்.

வீட்டில் என் மனுசன் ராஜன் ஒரு கிழமையாய்க் குசினிக் குழாயைத் திருத்திக்கொண்டிருந்தார். என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"ரெண்டு நாளா நீர் கதைக்கயில்லை. காய்ச்சலோ?"

நடந்ததைச் சொன்னேன். அவர் குறட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. "தாடியோ? உமக்கோ?"

"சிரியாதேங்க. நாளைக்குச் சொல்ல வேணும். வேலை போனாலும் போகும்."

"வேலை போகாது. அந்த அம்மா உமக்குக் காட்டுற நல்ல முகம் போகும். அதுதானே உமக்குப் பயம்?"

முப்பது ஆண்டுகள் கூட வாழ்ந்தால் இப்படி ஓர் ஆபத்து இருக்கிறது.

வியாழக்கிழமை காலை நான் கோப்பி ஊற்றவில்லை. லொரெட்டாவின் முன்னால் நின்றேன். மிஷன் பள்ளியில் தண்டனைக்கு நிற்பது மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன் என்று பிறகு இங்கர் சொன்னார்.

"மிஸ் லொரெட்டா, சாமுவேல் நான்தான்."

அவருக்கு விளங்கவில்லை. புத்தகத்தை எடுத்து அந்த இரண்டு எழுத்தைக் காட்டி, என் முழுப்பெயரைச் சொன்னேன். அவர் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார், அடிக்குறிப்பைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏன் சமையல்காரி எண்டு எழுதினீங்க, மிஸ் செல்வா?"

"ஏப்ரன் கட்டியிருந்தா."

"பக்கத்தில நிக்கிற மற்ற மிஸ்ஸும் ஏப்ரன்தான் கட்டியிருக்கிறா. அவவை ஏன் ஆசிரியை எண்டு எழுதினீங்க?"

நான் குனிந்து படத்தைப் பார்த்தேன். அதே ஏப்ரன். டேனிஷ் ஆசிரியையின் ஏப்ரனில்தான் மாக்கறைகூட இருந்தது. ஆசிரியை யார் என்று எனக்குப் பெட்டியின் மேல் எழுதியிருந்த பெயரால் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அது பாதிப் பதில். மற்றப் பாதி எனக்குத் தெரியும்.

"அவ வெள்ளை," என்றேன்.

லொரெட்டா தன் கையைப் படத்துக்குப் பக்கத்தில், என் கைக்கு அருகில் வைத்தார். இரண்டு கைக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் வேண்டுமென்று செய்தாரா, கை தானாக விழுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்தக் கட்டடத்தில் ஆறு ஆண்டுகள் வாளியோடு நடந்தபோது, என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் வாளியைத்தான் பார்த்தார்கள் என்று எனக்குள் ஒரு கோபம் இருந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு மாதத்தில் நான் செய்ததும் அதுதான்.

"ஒன்பது வருஷம் உங்களுக்கு எதிரா ஜெபம் பண்ணியிருக்கிறன்," என்றார் லொரெட்டா கடைசியில். "முழங்கால் வலி ஏதும் இருக்கோ?"

"இடது முழங்கால்."

"அது நான்தான்," என்றார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "பெட்டியைத் திறவுங்க. நேரம் போகுது."

இங்கர் இவ்வளவு நேரமும் மூலையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அன்று திங்கட்கிழமை இல்லை.

முதல் இரண்டு ஆண்டுகளை வேகமாகப் புரட்டி முடித்தோம், அந்தச் சொல் இல்லை. மூன்றாம் ஆண்டுக் கட்டை இங்கர் எடுத்தார், நான்காம் ஆண்டை நான் எடுத்தேன். லொரெட்டா எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்து ஒவ்வொரு தாளையும் தூக்கும்போதும் மூச்சைப் பிடிப்பார், வைக்கும்போது விடுவார். மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டோம். டென்மார்க்கில் பன்னிரண்டு மணிக்கு ஒருவர் சாப்பிடாமல் இருந்தால் பெரிய சங்கதி என்று அறிக. ஒன்றரை மணிக்கு இங்கரின் விரல் ஒரு வரியில் நின்றது.

"வரவுப் புத்தகம்," என்றார்.

அந்த ஆசிரியை சகோதரிக்கு முறைப்பாடு எழுதியிருந்தார். வந்து மூன்றாம் ஆண்டாகிறது, இன்னும் எச். வரவுப் புத்தகத்தைத் தன் கையில் தருவதில்லை. சோளக்கஞ்சி கிண்டும்போதுகூட அதைக் கக்கத்தில் வைத்திருக்கிறாள், பென்சில் நூலில் ஆடிக்கொண்டிருக்கிறது. கேட்டால், உனக்கு இன்னும் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் தெரியாது என்கிறாள். போன வாரம் புதிய குருவானவர் வந்து சேர்ந்தார். பள்ளி தொடங்குவதற்காகத்தான் வந்தேன் என்றார். எச். அவரைப் பிள்ளைகள் இருக்கிற ஒரு வாங்கில் இருத்திவிட்டு, புத்தகத்தைத் திறந்து, நாற்பது பெயர்களையும் சத்தமாக வாசித்தாள். நாற்பது பிள்ளைகளும் "இருக்கிறேன்" என்றார்கள். குருவானவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை இருந்தார்.

இங்கர் வாசித்து முடித்தபோது லொரெட்டா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வந்தால் சிரித்துக்கொண்டிருந்தார், இரண்டும் சேர்ந்து.

"வாங்கில இருத்தினாவாம்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "வாங்கில இருத்தினாவாம்."

வெள்ளிக்கிழமை அட்டை எழுதினோம். இங்கர் எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

முதல் வரியில் நான் "ஆசிரியையும் சமையல்காரியும்" என்று எழுதியதை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. நான் அழிறப்பரைக் கையில் எடுத்துத் தயாராக இருந்தேன். இங்கர் என் கையிலிருந்து அதை வாங்கி, பேனா போடுகிற லாச்சிக்குள் போட்டார்.

"அழிச்சா அது இருந்ததெண்டே ஆருக்கும் தெரியாது," என்றார். "மறுகா லொரெட்டாவிட ஒன்பது வருஷத்தை எதால காட்டுறது? கோடு ஒண்டு போடு. கீழ எழுது. ரெண்டு இடத்திலயும் உன்ர எழுத்தைப் போடு."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கோடு போட்டேன். "மரவீட்டின் முன் இரண்டு பெண்கள். இருவரும் ஏப்ரன் கட்டியிருக்கிறார்கள். ஒருவர் கக்கத்தில் நூலில் பென்சில் கட்டிய ஒடுக்கமான புத்தகம்." இரண்டாம் வரி பழையதுதான், படத்தின் பின்னால் ஆசிரியை மையால் எழுதியிருந்தது: "நானும் எச்.-உம்." ஆறாம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் எச். யார் என்று முழுப்பெயராகவே இருந்ததை லொரெட்டா காலையில்தான் கண்டுபிடித்திருந்தார். டேனிஷ் தெரியாதவர். ஆனால் ஹெஸ்டர் என்ற பெயரை எந்த மீன்முள்ளுக்குள்ளும் அவருக்குத் தெரியும்.

"சமையல்காரி இல்லை எண்டும் எழுதுவமா?" என்று நான் கேட்டேன்.

"வேண்டாம்," என்றார் லொரெட்டா. "அவ சமைச்சவதானே. சோளக்கஞ்சிக்காகத்தான் பாதிப் பிள்ளையள் வந்திருக்கும். சமைச்சா எண்டது பொய்யில்லை. அதோட நிப்பாட்டினதுதான் பொய்."

மூன்றாம் வரியில்தான் இங்கர் என்னை மடக்கினார். கடிதத்தின் எண்ணைப் போட்டுவிட்டு, அது வரவுப் புத்தகம் என்று படத்தைப் பார்த்துச் சொன்னது யார் என்று கேட்டார்.

"நான்தானே மிஸ்," என்றேன். வாய் தவறி மிஸ் என்றே வந்துவிட்டது.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"சொன்னனே. மட்டக்களப்பில..."

"சொன்னாய். எழுதயில்லை."

அதனால் எழுதினேன். எஸ். ஆர்., மட்டக்களப்பில் மிஷன் பள்ளி மாணவி, இத்தகைய புத்தகத்தைத் தினமும் அதிபரிடம் ஏந்திச் சென்றவர். என் படிப்புக்கு இந்த நாட்டில் எங்கேயும் ஒரு சான்றிதழ் இல்லை. எந்த விண்ணப்பத்திலும் அந்த இடத்தை வெறுமையாகத்தான் விட்டு வந்தேன். இங்கர் அட்டையை வாசித்தார், அடியில் கையொப்பம் வைத்தார், காப்பக முத்திரையைக் குத்தினார்.

லொரெட்டா கோடு போட்ட வரியும் தெரியும்படியாகப் பிரதி கேட்டார். கதவடியில் என் கன்னத்தைத் தட்டி, "இனி முழங்காலுக்கு நல்லதாச் சொல்லிவிடுறன்," என்றார். அது இன்னும் நோகிறது. ஆனால் அவர் முயற்சி செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

கமிட்டிக் கூட்டம் முடிந்த அடுத்த நாள் காலையில் காப்பகத்துக்கு அவரே தொலைபேசி எடுத்தார். அங்கே விடிந்துகூட இருக்காது. இங்கர் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

கமிட்டியில் ஒன்பது பேர். கடிதத்தின் மொழிபெயர்ப்பை வாசித்தார்களாம். ஒருவர், டேனிஷ்காரி வீட்டுக்கு எழுதிய கோபக் கடிதம்தானே என்றாராம். இன்னொருவர் அட்டையை எடுத்துப் பார்த்து, முகம் சுளித்தாராம். யார் இந்த எஸ். ஆர்.? பட்டம் ஏதும் உண்டா? லொரெட்டா நான் யார் என்று மறைக்காமல் சொன்னாராம். காப்பகத்தில் முந்தித் துப்புரவு வேலை செய்த ஓர் இலங்கைப் பெண் சொல்கிறாள் என்று ஒரு கல்லூரியின் தாபகரை மாற்ற முடியுமா?

"நான் எழும்பினன்," என்றார் லொரெட்டா. "புத்தகத்தைத் திறந்து அந்த அடிக்குறிப்பைக் காட்டினன். 'பெரியவரே, இதே எஸ். ஆர். ஒரு சொல் சொன்னா. ஆள் ஆர், என்ன பட்டம் எண்டு நீங்கள் ஒருத்தரும் கேக்கயில்லை. ஒன்பது வருஷம் நம்பினீங்க. இப்ப அதே ஆள் மூண்டு வரி சொல்லுறா, கடிதமும் கையொப்பமும் வைச்சு. நம்பாட்டி ரெண்டையும் நம்பாதேங்க. அப்ப அடிக்குறிப்பையும் கிழிக்க வேணும். கத்தரிக்கோல் என்ர பையில இருக்கு' எண்டன்."

"மறுகா?" என்று கேட்டேன்.

"தலைவர் ஹெஸ்டர்ர பேருக்குக் கை தூக்கச் சொன்னார். ஆறு கை."

"மற்ற மூண்டும்?"

"கத்தரிக்கோலைப் பாத்துக்கொண்டு இருந்துதுகள்," என்றார் லொரெட்டா.